ழ இல்லாத போன்

முஜிபுர் கடைக் கண்ணாடிக்குள்
பச்சையென்றும் நீலமென்றும் சொல்ல முடியாத நிறத்தில்
அது படுத்திருக்கிறது.
பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
எனக்கு ரூபாயாக எண்ண வரவில்லை.
மழை விடாமல் விட்டால் முப்பது நாள் ஏலக்காய்.

பழசுக்கு என்ன போடுவே என்றேன்.
திருப்பினான், ரப்பர் பேண்டைக் கழற்றினான்,
பொங்குகிற பால் தட்டைத் தூக்குகிற மாதிரி
பேட்டரி மூடியைத் தூக்கியது.
"அறுநூறு அக்கா. அதுவும் உங்க மூஞ்சிக்காக."

விழுந்தது கம்பம்மெட்டு ஏற்றத்தில்.
ஒரு ஜீப்பில் பதினாறு பேர்,
கொண்டை ஊசியில் யாருடைய தூக்குவாளியோ அதன் மேல்.
அன்றிலிருந்து திரை ஓரத்தில்
ஒரு காய் அகலத்துக்கு உணர்ச்சி கிடையாது.
சரியாக அங்கேதான் ழ இருக்கிறது.

மளை என்று எழுதுவேன். வாளைக்காய் என்று எழுதுவேன்.
எங்கள் ஊர் வாய்க்கு இதில் ஒன்றும் நஷ்டமில்லை,
போனும் கம்பத்துக்காரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.
சுருளிவேல் பரோட்டா அடிக்கிற ஊர் எனக்குத் தொடுபுளா.
நாலு நாள் யோசித்து அவர் வைத்த பேர் எழிலரசி;
எளிலரசி பரீட்சை எளுதிட்டா என்று நான் அனுப்பியதைப் பார்த்து
எட்டாம் வகுப்புக்காரி ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை.

தோட்டத்தில் டவர் ஒரு கோடு.
பைலிச் சேட்டன் வீட்டுக்குப் பின்னால் பாறையில் ஏறினால் இரண்டு.
புது போனுக்கு மட்டும் மலை வழிவிடுமா?
அங்கிருந்து கூப்பிட்டால்
கோபமே வராத ஒருத்தி எடுத்து
"பரிதிக்குப் புறத்தாணு" என்பாள்.
பரிதின்னா சூரியன்மா, பாடத்துல இருக்கு, என்றாள் எழில்.
மலையாளத்தில் வேறு என்னவோ என்று தெரியும்.
ஆனாலும் கல்லுக்கு முன்னால் வேர்த்து நிற்கிற மனுசனை
சூரியனுக்கு அந்தப் பக்கம் வைத்துத்தான்
இப்போதெல்லாம் நினைக்க வருகிறது.

"விரலை வைங்கக்கா, திறக்கும்."
வைத்தேன். திறக்கவில்லை.
"நல்லாத் தொடைச்சிட்டு."
ரேஷன் கடைக்காரரும் இதையேதான் சொல்வார்.
பதினொரு வருசம் காய் கிள்ளிய கட்டைவிரலில்
கோடுகளை எங்கே போய்த் தேட?
முகத்தைக் காட்டச் சொன்னான். முகம் பிடித்துப்போனது அதற்கு.

ஏதாவது அடிச்சுப் பாருங்க என்றான்.
எழில்.
தொடுபுழா.
மழை மழை மழை.
வழுக்கிக்கொண்டு வந்தன எல்லாம்,
ஒரு பிழை இல்லை.
படித்துப் பார்த்தேன்;
யாரோ டீச்சர் எழுதிய கடிதம் மாதிரி இருந்தது.
அழிக்கத் தெரியவில்லை, அவன்தான் அழித்தான்.

நாளைக்குச் சொல்றேன் தம்பி.
நாளைக்கு ரேட் ஏறிரும்க்கா.

இன்று செக்போஸ்ட்டிலேயே ஜீப் திரும்பியது,
மேலே காற்று, மரம் விழுந்து கிடக்கிறதாம்.
முந்தானைக்குள் வைத்துத் தட்டினேன்:
மளை. வேல இல்ல.

அவருடையது போன வருசம் வாங்கிய போன்.
எல்லா எழுத்தும் இருக்கிறது அதில்.
நாலாவது வளைவு இறங்கும்போது சத்தம் வந்தது.
இங்கயும் மளை. எளில் பள்ளிக்கூடம் போச்சா?

போச்சு என்று அடிப்பதற்குள் மூன்று சதவீதம்.
ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.
பக்கத்தில் விருமாயி கேட்டாள், என்னடி சிரிக்கே,
போனு வாங்கிட்டியா?

இன்னும் இல்லை.
போனஸ் ஓணத்துக்கா தீபாவளிக்கா என்றே
பைலிச் சேட்டன் வாய் திறக்கவில்லை.
கூலி இல்லாத நாளுக்கும்
ஜீப்புக்காரர் அறுபது ரூபாய்க்குக் கை நீட்டுகிறார்.