சோலைமலை பாக்கி

புக்கிட் ரெங்காஸில் கூட்டம் என்றால்
நாற்காலி என் கடையிலிருந்துதான் போகும்.
கல்யாணம், கருமாதி, தீமிதி, தேர்தல்,
எல்லாவற்றுக்கும் அதே நீலப் பிளாஸ்டிக்.
முதுகில் வெள்ளைப் பெயிண்டில் என் அப்பாவின் இனிஷியல்.

கணக்குப் புத்தகமும் அவருடையதுதான்.
எழுபத்தெட்டாம் பக்கம்:
டத்தோ சோலைமலை, தோட்டத் திடல்,
நாற்காலி நானூறு, கூடாரம் மூன்று,
1,140 வெள்ளி.
ஓரத்தில் பென்சிலில், 'ஜெயித்ததும்'.

ஜெயித்தார். ஐந்து தடவை.

டத்தோவின் அப்பா முனியாண்டி
சங்கச் செயலாளராய் இருந்த காலத்தில்
வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு வந்த சனம்
பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்ததாம்.
அதைப் பார்த்த அன்றைக்குத்தான்
என் அப்பாவுக்கு இந்தத் தொழில் தோன்றியது.
ஆகவே
இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மூலதனம்.

டத்தோ செத்ததும் இடைத்தேர்தல்.
கோலாலம்பூரில் வக்கீலாய் இருந்த மகளைக்
கட்சி கூப்பிட்டது.
இந்த நாட்டில் வாரிசுக்கு போஸ்டர் எதற்கு?
வாக்குச்சீட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள்:
நளாயினி ஏ/பி சோலைமலை.
ரூமி எழுத்தைக் கூட்டிப் படித்தவர்கள்
பின்பாதியில் நின்று
பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார்கள்.

கெட்ட வைபி என்று சொல்ல மாட்டேன்.
தமிழ்ப்பள்ளிக்கு மண்டபம் வந்தது.
மூன்றாம் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது.
அப்புறம் கொம்பனி தோட்டத்தை விற்றது,
லயத்துக்கு நோட்டீஸ் வந்தது.
அறுபத்திரண்டு குடும்பத்துக்கும்
ஆறு மாடி பிளாட் வாங்கிக் கொடுத்தாள்.
சாவி கொடுக்கிற கூட்டத்தில்
வெட்டுமரத்து வெள்ளைக்கண்ணு எழுந்து கேட்டான்:
"மாட்டை எந்த மாடியில் கட்டுறது, வைபி?"
சிரித்தார்கள்.
அவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அதுதான் தப்பாகிவிட்டது.
எழுதிக்கொண்டவளிடம் பதில் இருக்கும் என்று
ஊர் நாலு வருடம் காத்திருந்தது.

கடைசித் தேர்தலின் கடைசி இரவு
முந்நூற்றைம்பது நாற்காலி எடுத்தாள்,
முன்பணம் கொடுத்து.
மழை. தொண்ணூறு பேர்.
லோரி பக்கத்தில் நின்று
காலி நாற்காலியை எண்ணுவது என் வழக்கம்,
தொழில் அப்படி.
யார் தோற்பார்கள் என்று
எண்ணிக்கை ஆணையத்துக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
அறுபத்தொரு ஓட்டில் போனாள்.
அந்த அறுபத்தொன்றில் நான் உண்டா என்று
யாரும் கேட்கவில்லை. சொல்வதாகவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை,
பழைய மைவியைத் தானே ஓட்டிக்கொண்டு
கடைக்கு வந்தாள்.
புத்தகத்தைக் கேட்டாள்.
எழுபத்தெட்டாம் பக்கத்தை அவளே புரட்டி எடுத்தாள்.
யாரோ எந்த மேடையிலோ
சொல்லிக் காட்டியிருக்க வேண்டும்.

"விடுங்க, அது உங்க அப்பா காலத்துப் பாக்கி" என்றேன்.
"என் பேருக்குப் பின்னாடிதானே இருக்காரு"
என்று சொல்லி
ஐம்பது வெள்ளித் தாளாய் எண்ணி வைத்தாள்.
ரசீதில் யார் பெயர் என்று கேட்டேன்.
யோசித்தாள்.
"நாற்காலின்னு போடுங்க போதும்."

கார் போன பிறகு
சும்மா கூட்டிப் பார்த்தேன்.
அந்தக் காலத்தில் நாற்காலி ஐம்பது காசு,
நானூறுக்கு இருநூறு.
கூடாரம் முந்நூறு, மூன்றுக்குத் தொள்ளாயிரம்.
ஆயிரத்து நூறுதான் வருகிறது.
திரும்பவும் கூட்டினேன்.
என் அப்பா
நாற்பது வெள்ளி ஏற்றி எழுதியிருக்கிறார்.

உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
அவள் வீடு இங்கிருந்து ஐந்து நிமிடம்.
இன்னும் போகவில்லை.