தண்ணி உள்ள மட்டும்

கந்தரோடையில் இறங்கினோம்,
தை பிறந்து நாலாம் நாள்.
சண்டிலிப்பாய் தாண்ட
ஆற்றுக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி.
விரால் ஒன்று கீழால் போனது.
மிதுலாவின் சட்டை மாட்டிக்கொண்டது.

"ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?"
பனங்கூடலுக்குள் முதலில் குரல்,
பிறகு சாரம்,
ஆள் கடைசியில்.

"ஆற்றோட போறம்" என்றேன்.

யோசித்தார்.
"ஆறு என்ர உறுதியில இல்லை.
தண்ணிக்குள்ளால போங்கோ.
கரையில கால் வைச்சால் அது என்ர காணி."

செருப்பைக் கையில் எடுத்தோம்.
முழங்கால்.
கணுக்கால்.
குதிகூட நனையாத சேறு.
அங்கால் முழுக்க வெங்காயப் பாத்தி.

இரண்டு கொக்குகள் நின்ற
கடைசிக் குட்டைக்குள்
நாங்களும் ஏறி நின்று
திரும்பிப் பார்த்தோம்.

அவர் இன்னும் கம்பியடியில்.
எங்கள் கால்களைத்தான் பார்க்கிறார்.