கந்தகத்தில் பதித்த கரி

தம்பலகாமக் குடாவில் வற்று நீர்.
நௌசாத் தோணியைக் கண்டல் வேரில் கட்டினான்.
குழாயைச் சேற்றில் ஊன்றி
இருவரும் தொங்கி அமுக்கினோம்.
இழுத்தபோது குடா ஒருமுறை ஏப்பம் விட்டது.

நெடுக்கே பிளந்தால்
சாம்பல், சாம்பல், சிப்பித் தூள், சாம்பல்,
நாற்பத்தோராம் சென்ரிமீற்றரில்
விரலகலம் ஒரு கறுப்பு.
நௌசாத் பார்த்தான். நானும் பார்த்தேன்.
இந்த ஊரில் கறுப்பாய் ஒரு படை கண்டால்
எந்த ஆண்டு என்று எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை,
மனம் தன்பாட்டில் கணக்குப் போடும்.

நான் கேட்க வேண்டியது வேறு:
காற்றாகித் திரும்பாமல்
எத்தனை காலம் இந்தக் கரி சேற்றில் கிடக்கும்?
திட்ட அறிக்கையில் அதற்கொரு கட்டம்.
வெறுமையாய் இருந்தது.

சாதாரண நுணுக்குக்காட்டியில் கரி கரிதான்,
ஒளியைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும்.
தலைமயிரை ஆயிரமாய்ச் சீவிய தடிப்பில் சீவி
ஊசிமுனைக்குக் கீழே வைக்க வேண்டும்.
பிசினில் பதித்தால் பிசினின் கரியும்
எங்கள் கரியோடு சேர்ந்து பேசும்.
'கந்தகத்தில் பதி' என்று எழுதியிருந்தாள் இங்க்ரிட்,
அந்த அலைகளில் கந்தகத்துக்கு வாயில்லை.
மின்னடுப்பில் மஞ்சள் உருகித் தேனாகி
துகள்களை விழுங்கி இறுகிற்று.

கூரியர் கருமபீடத்தில் அமிர்தகலா
படிவத்தை இரண்டுமுறை வாசித்தாள்.
"கரியும் கந்தகமுமா, மிஸ்?"
"ஓம்."
"திருகோணமலையிலிருந்தா?"
வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்
அரையடி பின்வாங்கினார்.
வெடியுப்பு ஒன்றுதான் குறை என்று
நாக்கு நுனிவரை வந்த பகிடியை
விழுங்கினேன்.
மூன்று கடிதம், இரண்டு முத்திரை,
பொலிசிலிருந்து ஒரு தொலைபேசி,
பதினேழு நாள்.
பொதியில் இருந்தது கடுகளவு.

பனி கொட்டும் ஊரில்
பொன் பூசிய ஊசி அதன்மேல் இறங்கியது.
அகச்சிவப்பைத் துடிப்புத் துடிப்பாய் ஊட்ட
எந்தப் பிணைப்புக்கு எந்த அலை பிடிக்குமோ
அதை வாங்கிச் சூடேறி
இம்மியிலும் இம்மி விம்மும்.
ஊசிக்கு அந்த விம்மல் போதும்.
விளக்கணைத்த அறையில் நெற்றியில் புறங்கை வைத்துக்
காய்ச்சல் பார்ப்பது இப்படித்தான்.

படம் வந்த இரவு கரண்ட் இல்லை.
கைபேசியில் விரித்தேன்.
ஆயிரத்து அறுநூறில் உயரம்:
நன்றாய் வெந்த கரி, வளையம் வளையமாய்.
ஆயிரத்து எழுநூறில் சின்ன மேடு:
விளிம்பில் மட்டும் ஏதோ கடிக்கத் தொடங்கியிருக்கிறது.
பிறகு ஆயிரத்து எண்பதில்
நான் நினையாத ஒரு மலை.
அது மணலின் இடம். சிலிக்கா.
கரியின் உடம்புக்குள் மணல் எப்படி,
வரிசை வரிசையாய், நெய்தாற்போல்?

உமி.

மில்லுகளின் பின்புறம் எரித்த உமி,
ஏதோ ஒரு மாரியில் வெள்ளம் கொண்டுவந்தது.
செத்த வீடென்று வெள்ளை உடுத்திப் போனவளை
இலை போட்டு இருத்தினதுபோல் இருந்தது எனக்கு.
"உமியா?" என்று நௌசாத் சிரித்தான்.
சிரிப்பு கொஞ்சம் நீண்டது.
வெறுங்கட்டத்தில்
'நூற்றாண்டுகள்' என்று எழுதினேன்.

பன்னிரண்டு துகளில்
பதினொன்றுதான் உமி.
மற்றதில் மணல் இல்லை.
இரண்டாயிரத்துத் தொளாயிரத்தில்
எண்ணெய்க்கு வரும் இரட்டைக் கொம்பு.
சீனக்குடாத் தாங்கியில் கசிந்ததாகலாம்,
மீன் நெய்யாகலாம்,
வேறாகவும் இருக்கலாம்.
'இன்னொருமுறை அளக்கவா?' என்றாள் இங்க்ரிட்.
அளந்தாலும்
என்ன எரிந்தது என்பதுவரைதான் ஊசி போகும்.
'இனங்காணப்படவில்லை' என்று குறித்தேன்.
அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.

மிச்சச் சேறு குளிர்பெட்டியில் கிடக்கிறது.
கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும்
எழுந்துபோய்
குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன்,
புறங்கையால்.