வலப்பக்கத்து இருக்கை

ஐஸ் கொம்பனி லாபீர் முதலாளிக்கு
அமெரிக்கக் கார் வேணுமாம்.
மூன்றின் படங்களைப் போனில் வைத்திருக்கிறார்,
பேத்திகளின் படத்துக்கு முன்னால்.
"எது இங்க வந்து சேரும், எவ்வளவு முடியும்,
ஒரு தாளில எழுதித் தாங்க பிள்ளை."

என் தொழிலே தாள்தான்.
உள்துறைமுக வீதியில் ஒரு மேசை,
ஒரு கல்குலேற்றர்,
சீமெந்து லொறி போகும்போதெல்லாம் உதறும் யன்னல்.
ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டி மட்டும்; அதுவும்
ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருமும்.

கோடு போட்டேன். மூன்று நிரல்.

மஸ்டாங். ஐந்து லீற்றர், எட்டு சிலிண்டர்.
பிரித்தானியனுக்கும் அவுஸ்திரேலியனுக்குமென்று
வலப்பக்க ஸ்டியரிங்கோடும் பிறக்கிறது;
அவர்களுக்குத் தைத்தது நமக்கும் அளவு.
சின்னம் பாயும் குதிரை.
இந்த ஊரில் மான்கள்
நடுவீதியில் படுத்து அசைபோடும்.
குதிரை நின்றுதான் போகவேண்டும்.

சலஞ்சர். ஆறு தசம் நான்கு.
நீளம் பதினாறரை அடி.
எங்கள் குறுக்குத் தெருவில் திரும்பினால்
மூக்கு ஒரு வீட்டு மதிலில்,
வால் இன்னொரு வீட்டு மீன்சட்டியில்.
செய்வதை நிறுத்திவிட்டார்கள்.
இடப்பக்க ஸ்டியரிங்.

கமாரோ. ஆறு தசம் இரண்டு.
அதுவும் நின்றுபோயிற்று, அதுவும் இடப்பக்கம்.
யன்னல் அவ்வளவு ஒடுக்கம்.
உள்ளே இருப்பவனுக்கு
உலகம் எப்படித் தெரியுமோ, எனக்குத் தெரியாது.
அப்படியொரு ஓட்டையை வெளியே நின்று பார்த்தபடி
அடையாள அட்டை நீட்டிய வயதொன்று எனக்குண்டு.
அந்த நிரலில் மேற்கொண்டு எழுதவில்லை.

பிறகு வரி.
வரியின்மேல் வரி, அதன்மேல்
ஆடம்பரத்துக்கென்று இன்னொன்று.
மூன்றாம்முறை பெருக்கியபோது
கல்குலேற்றரில் இடம் போதவில்லை.
முதலாளிக்கு விளங்கட்டுமென்று
தொகையை ஐஸ் கட்டியாக மாற்றினேன்:
நிலாவெளி தொடங்கிப் புல்மோட்டை வரை
எல்லாப் படகுக்கும் இரண்டு வருச ஐஸ்.

பெற்றோல் என்ற வரிக்கு வந்ததும்
பேனை கொஞ்சம் நின்றது.
சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்
யானை உயரத்தில் துருப்பிடிக்க,
நான்கு லீற்றருக்கு
ஸ்கூட்டியோடு ஓரிரவு வரிசையில் நின்றேன்.
நுளம்பு எண்ணினேன்.
"தாகம் அதிகம்" என்று மட்டும் எழுதினேன்,
மூன்றுக்கும் பொதுவாக.

வெள்ளி பின்னேரம் வந்தார்.
கூடவே மனைவி ஜெஸ்மியா. முப்பது வருசம்
அவருக்கு அரை அடி பின்னால் நடந்தவர்.

"ஸ்டியரிங் இடப்பக்கம் எண்டா என்ன குறை?"

"பதிவுக்கு விடமாட்டார்கள், ஐயா.
விட்டாலும், முன்னால் லொறி போனால்
எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது.
வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்,
இப்ப போகலாம், இப்ப வேண்டாம் என்று.
நீங்கள் கேட்டு நடக்கவேண்டும்."

மின்விசிறி கிறீச்சிட்டது.
ஜெஸ்மியா தாளைத் தன்பக்கம் இழுத்தார்.
மருதாணி மங்கிய விரல்
மஸ்டாங்கை நிற்காமல் கடந்து
சலஞ்சரில் ஊன்றியது.
"இதுதான் நல்லம்."

முதலாளி சிரித்தார்.
அவர் சிரிக்கவில்லை.
முதலாளியும் பிறகு சிரிக்கவில்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
எந்தக் காரும் வராதென்று
மூவருக்கும் தெரியும். ரசீது எழுதினேன்.

வெளியே அவர்களுடைய பழைய கெப்.
வழக்கம்போல் அவர் வலப்பக்கம் ஏறினார்,
ஜெஸ்மியா சுற்றிப்போய் இடப்பக்கம்.
இருபது யார் தள்ளி வீதியில் ஒரு புள்ளிமான்,
எழும்பும் எண்ணமேயில்லாமல்.
ஹோர்ன் அடிப்பாரென்று காத்திருந்தேன்.

இடப்பக்க யன்னலால் ஒரு கை வெளியே வந்தது,
கொஞ்சம் பொறு என்பதுபோல்.

கெப் நின்றது.