விதி ஆறு

திங்கள் முதல் வெள்ளிவரை பென்ரின் தபால் நிலையத்தில்
பொட்டலங்களை நிறுக்கிறேன்.
சனிக்கிழமை, படகுகளை.
பதினோரடி வகுப்புக்கு நான்தான் அளவையாளர்.
நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு,
பாய்க்கு இத்தனை சதுர அடி.
மிச்சமெல்லாம் கட்டுகிறவர் பாடு.
சொல்லாத இடமெல்லாம் திறந்த கதவு என்பதுதான்
எங்களுக்கு இருக்கிற ஒரே பெருமை.

மார்ச்சில், ஆலங்கட்டி மழையோடு
கெரென்சா ஹோஸ்கின் தன் படகை இழுத்துவந்தாள்.
சுக்கானின் அடியில் ஒரு குறுக்குச் சிறகு,
நடுப்பலகையின் அடியில் இன்னொன்று.
தலைகீழாய் நிறுத்திய இரண்டு சுத்தியல்கள்.
"இதற்கு அனுமதி இல்லையே" என்றேன்.
"தடையும் இல்லை" என்றாள்.

பிற்பகல் ஓதத்தில் பார்த்தோம்.
முதலில் எல்லாப் படகையும்போல் அலையை உழுதது.
பிறகு இரைச்சல் நின்றது.
அடிமரம் சொட்டச் சொட்ட மேலே எழுந்து
முழங்கால் உயரக் காற்றில்
போய்க்கொண்டே இருந்தது.
யாரோ தேநீர்க் கோப்பையை
இடம் பார்க்காமல் கீழே வைத்தார்கள்.

ஜெரன்ஸ் பெண்டர் அன்றிரவே ஆட்சேபம் எழுதினார்.
மூன்று முறை கோப்பை வென்றவர்,
கையெழுத்தும் அப்படித்தான் சாய்ந்து முந்தும்.
விதி ஆறு: நீரைத் தொடும் உடல் ஒன்றே.
அறுபத்தொன்றில்
இரட்டைத் தோணிக்காரர்களை விரட்ட எழுதியது.
எழுதியவர்களில் ஒருவரும் இன்றில்லை.

ஆகவே படகுக் கொட்டகையில்,
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி,
பத்தொன்பது பேர் ஒரு வாக்கியத்தைப் பிரித்தோம்.
பறக்கையில் நீரைத் தொடுவது இரண்டு சிறகு,
ஆக உடல் இரண்டு என்றார் பெண்டர்.
சிறகு உடலென்றால் சுக்கானும் உடல்,
நடுப்பலகையும் உடல்,
உங்கள் படகுக்கு மூன்று உடல்,
கோப்பைகளைத் திருப்பித் தாருங்கள் என்றாள் கெரென்சா.
சரி, சிறகு உடலில்லை;
அப்போது தொடுகிற உடல் சுழியம்.
ஒன்றே என்றால் அதில் சுழியம் அடங்குமா?
கேட்டவர் பல் மருத்துவர் டிகோரி.
அதன்பின் வெகுநேரம் அடுப்பு மட்டும் பேசியது.
ஓர் ஏகாரம். தேற்றமா, பிரிநிலையா?
பத்தொன்பது பேரும் அதன் வாலைப் பிடித்துத் தொங்கினோம்.

விதி ஒன்பது இன்னும் மோசம்:
ஆழத்தை நீர்மட்டக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும்.
நீரை விட்டுப் போன படகுக்குக்
கோட்டை எங்கே போய் வரைய?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
என்னிடம் இருப்பது நான்கு மீட்டர் நாடா,
உப்பில் துருவேறி, பாதியில் சிக்கும்.
ஓடுகிற எதையும் அது அளந்ததில்லை.
எழுதினேன்:
வண்டிமேல் உலர்ந்து நிற்கையில் எதுவோ,
அதுவே படகு.
அங்கே போய் உடலை எண்ணினேன்.
ஒன்று.
பதினோரு கைகள் உயர்ந்தன.
எட்டு, சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன.

ஆகஸ்டில் ஒரு மாலை
பெண்டர் கொட்டகையின் பின்வாசலில் வந்தார்.
போர்வைக்குள் இரண்டு சிறகுகள்.
"அளந்து சொல்."
"சிறகுக்கு அளவே விதிக்கவில்லையே."
"தெரியும். நீ அளந்தால் நிம்மதி."
மறுநாள் எழுந்தார், மூன்று விநாடி,
மூக்குக் குத்தி விழுந்தார்.
பாய்மரம் சேற்றில் நட்டுக்கொண்டது.
தொப்பியில்லாமல் வெளியே வந்து
இருமிக்கொண்டே சிரித்தார்.
அறுபது வயதில் அவருக்கு அப்படி ஒரு பல்வரிசை
இருப்பது அன்றுதான் தெரிந்தது.

இப்போது புது விதி எழுத வேண்டுமாம், நான்.
கவுன்டரில் ஆளில்லாத மதியங்களில்
சுங்கப் படிவங்களின் பின்பக்கம் எழுதுகிறேன்.
சிறகுகள் எத்தனை. எவ்வளவு நீளம்.
எங்கே பொருத்தலாம்: நடுக்கோட்டில் மட்டும்.
நேற்று அந்த "மட்டும்" என்பதை அடித்தேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
பேனா அழுத்தியதில்
காகிதம் கொஞ்சம் கிழிந்தது.