பெயர் வேண்டாம், ஓவர்

காலை எட்டுக்கு ரேடியோவை முடுக்குவேன்.
சொய்சூலின் இந்தக் கரையில் படம் அனுப்ப வழியில்லை.
தோலைச் சொல்லாக்கித்தான் அனுப்ப வேண்டும்
தாரோவில் இருக்கும் டாக்டர் வவோசோவுக்கு.

அவருக்கு ஒரே சட்டம்:
நோயின் பெயரைச் சொல்லாதே.
பார்த்ததைச் சொல், தொட்டதைச் சொல்.

எனக்கும் ஒன்று உண்டு:
ஆளின் பெயரைச் சொல்வதில்லை.
பதினோரு மருந்தகங்கள், இரண்டு கொப்பரைப் படகுகள்,
மரம் வெட்டும் கம்பெனியின் சமையல்காரன்,
எல்லோருக்கும் இதே அலைவரிசையில்தான் காது.

பையன், ஆறு வயது, முழங்காலுக்குக் கீழே.
மேடா, பள்ளமா?
மேடு. கட்டைவிரல் நகம் அளவு.
மேலே எப்படி?
நுணாக்காய்த் தோல் போலப் புடைப்புப் புடைப்பாக,
அதன்மேல் மஞ்சள் பொருக்கு.
(பாடநூலில் வேறொரு பழம் போட்டிருந்தது.
குளிர்தேசத்துப் பழம், நான் தின்றதில்லை.)
பொருக்கை எடுத்தாயா?
எடுத்தேன். அவன் ஈயை விரட்டிக்கொண்டிருந்தான், அழவில்லை.
மாத்திரை கொடு, வீட்டில் எல்லோருக்கும். ஓவர்.

படகோட்டி, முதுகு முழுக்க.
படையா?
டாக்டர், நீங்களே பெயர் சொல்கிறீர்கள்.
எங்கோ ஒரு படகில் யாரோ சிரித்தார்கள்.
சரி, சரி. விளிம்பைச் சொல்.
வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொன்று,
வற்றத்தில் கடல் விட்டுப்போன மணல்வரி.
வரிக்கு வரி செதில்,
ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் தூக்கி நிற்கிறது.

தாயும் மகளும், விரலிடுக்கு.
ராத்திரியானால் சொறிகிறார்கள்.
பென்சில் கிறுக்கல் போலக் கோடு, நுனியில் ஒரு புள்ளி.
சுற்றிலும் சிவந்திருக்கிறதா?
ஹவானாவில் படித்தால் எல்லாம் மறந்துவிடுமா டாக்டர்,
நம் தோலில் சிவப்பு சிவப்பாகவா வரும்?
கருமைமேல் கருமையாக வந்திருக்கிறது.
தொட்டால் சுடுகிறது.

அடுத்தது? ஓவர்.

பொத்தானை அழுத்தினேன். விட்டேன்.
மறுபடி அழுத்தினேன்.

பெண். நாற்பத்தொன்று. இடது மேற்கை, வெளிப்புறம்.
மேடா, பள்ளமா?
இரண்டும் இல்லை. நிறம் மட்டும் வெளுத்திருக்கிறது.
வட்டமா?
பப்பாளி இலையைக் கசக்கிப் பிரித்த மாதிரி.
முடி?
இருந்தது.
வியர்வை?
கை முழுக்க வியர்க்கிறது, அங்கே மட்டும் காய்ந்து கிடக்கிறது.
எவ்வளவு காலமாக?
பிப்ரவரியிலிருந்து.
இத்தனை மாதம் ஏன் அவள் வரவில்லை?
மருந்தகத்தில் கூட்டம், டாக்டர்.

அவளைக் கண்மூடச் சொல்.
பஞ்சைத் திரித்து மெல்லத் தொட்டுப் பார்.

மைக்கை மேசையில் வைத்தேன்.
கண்ணை மூடினேன்.
பஞ்சு பிடித்த விரல்களுக்குப் பஞ்சு தெரிந்தது.
தொடப்பட்ட இடத்தில் யாரும் வீட்டில் இல்லை.

தெரிகிறதா அவளுக்கு? ஓவர்.
தெரியவில்லை.
ஊசி முனை?
அதுவும்.

அவர் குரல் நிதானமானது.
முழுதாகக் குணமாகும் என்று சொல் அவளிடம்.
வெள்ளிக்கிழமைப் படகில் ஏறச் சொல்.
வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை இருக்கிறது, ஓவர்.

பிறகு இரைச்சல்.
நெடுநேரம் யாரும் பொத்தானை அழுத்தவில்லை.
பதினோரு மருந்தகங்கள், இரண்டு படகுகள்,
அடுப்பை அணைத்துவிட்டானோ அந்தச் சமையல்காரன்.

அப்புறம் ஒரு குரல், டாக்டருடையது அல்ல:
பாங்கோயிலிருந்து ரிலோ.
வியாழன் ராத்திரியே வந்துவிடுகிறேன்.
மருந்தகச் சாவியைத் தண்ணீர்த்தொட்டி மூடிமேல் வைத்துவிடு,
எலிதா.

மன்னித்துக்கொள். ஓவர்.