பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை

ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசு.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
சர்வரில் கிடப்பதை வழித்து எடுத்துக்கொள்ளும்.
அது எடுத்துவிட்டால்
என் ஃபோனில் அந்தக் கடிதம் இருக்காது.
அப்படி அமைத்துக் கொடுத்த பையன் மஸ்கட் போய்விட்டான்.
மாற்றத் தெரிந்த ஆள் மீனாட்சிபுரத்தில் இல்லை,
நாங்களும் தேடவில்லை.

கம்பெனிக்கு ஒரே முகவரி.
பாஸ்வேர்டு, உரக்கடை காலண்டரில்
பிப்ரவரித் தாளின் முதுகில்.
முதலாளி நாச்சிமுத்து கம்ப்யூட்டரில் மட்டும் பார்ப்பார்.
நான் இரண்டிலும்.

கம்ப்யூட்டரில் கடிதம் முழு ஆளாக வந்து உட்காரும்.
யாருக்கெல்லாம் நகல், எத்தனை இணைப்பு,
போன வருஷம் நாங்கள் கொடுத்த வாக்குகூட
அடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.
ஃபோனில்
ஒரு பெயர், ஒன்றரை வரி.
பழசெல்லாம் மூன்று புள்ளிக்குள்.
தொட்டால் விரியும்.
யார் தொடுகிறார்கள்?

ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்.
அதற்குமேல் வருவதெல்லாம்
காலை ஒன்பது வரை என் கைக்குள்.

செவ்வாய் ராத்திரி, பொள்ளாச்சி பஸ்.
எல்லை தாண்டியதும் ஃபோன் ஒருமுறை செத்துப் பிழைத்தது.
பிழைத்ததும் ஹெங்க், ராட்டர்டாமிலிருந்து:
"அன்புள்ள திலகமணி, உங்கள் நார்க்கழிவுக் கட்டிகளில் உப்பு"
அங்கே வெட்டுப்பட்டது.
திறந்தேன்.
அட்டவணை திரைக்கு வெளியே ஓடியது.
இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
கன்டெய்னர் நம்பர் தெரிந்தால் அளவு தெரியாது,
அளவு தெரிந்தால் எந்தக் கன்டெய்னர் என்று தெரியாது.

எனக்கு அட்டவணை தேவைப்படவில்லை.
மே மாசம் போர் காற்றைத்தான் கக்கியது.
தண்ணீர் லாரி செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டது.
மூன்று தரம் அலச வேண்டியதை
ஒருதரம் அலசிக் காயப்போட்டோம்.
லேபுக்குப் போன ஒரு கூடையை மட்டும்
மூன்று தரம்.

ஒரு கை கம்பியில்.
மிச்சமிருந்த கட்டைவிரலால்
நீளமாகப் பொய் சொல்ல வராது.
"உண்மைதான். தண்ணீர் இல்லை. ஒருதரம்தான் அலசினோம்."
அனுப்பிவிட்டேன்.
கீழே, நான் கேட்காமலே,
'என் மொபைலிலிருந்து அனுப்பப்பட்டது' என்று
ஃபோன் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

புதன் காலை ஒன்பது ஐந்து.
ஹெங்க்கின் கடிதத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.
முதலாளி படித்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி படித்தார்.
"எழுதிக்கோ சாமி" என்றார்.
எழுதினேன், பத்து விரலாலும்.
மூன்று பத்தி. லேப் அறிக்கை இணைப்பு.
கப்பலில் ஈரம் பட்டிருக்கலாம் என்று ஒரு வருத்தம்.
அடியில் என் பெயர், ஏற்றுமதிப் பிரிவு, இரண்டு நம்பர்,
'அச்சிடுமுன் மரங்களை நினையுங்கள்' என்று பச்சையில் ஒரு வரி.

இந்தப் பெட்டியின் 'அனுப்பியவை'யில் இது.
அந்தப் பெட்டியின் 'அனுப்பியவை'யில் அது.
ஒன்றை ஒன்று அறியாது.
ஹெங்க்கிடம் மட்டும் இரண்டும்
ஒன்றன்கீழ் ஒன்றாக,
ஒரே முகவரி, ஒரே திலகமணி.

மதியம் ஒன்று பதினான்கு.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
நான் டப்பாவைத் திறந்து பாதியில் இருந்தேன்.
ஃபோன் மேஜையில் நடுங்கியது.
"அன்புள்ள திலகமணி, எனக்கு உங்களிடமிருந்து இரண்டு"
அங்கே வெட்டு.

ஒன்று இருபதுக்குக் கம்ப்யூட்டர் எடுக்கும்.
ஆறு நிமிஷம்.
என் ஃபோனில் இடப்பக்கம் தள்ளினால் குப்பை,
வலப்பக்கம் தள்ளினால் பரண்.
நானே வைத்த செட்டிங்.

வலது கை முழுக்க மோர்ச்சோறு.
இடது கை சும்மாதான் இருந்தது,
அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எழுந்து பின்பக்கக் குழாய்க்குப் போனேன்.
இன்றைக்குத் தண்ணீர் வந்தது.
கையை அலசினேன்.
இன்னொரு தரம் அலசினேன்.
நகக்கண்ணில் ஒன்றும் இல்லை,
இருந்தும் மூன்றாம் தரம்.

திரும்பி வந்தபோது ஃபோனில் இல்லை.
கம்ப்யூட்டரில்,
தடித்த எழுத்தில் ஒரு வரி.
கீபோர்டின் மேல்
மடக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்
கண்ணாடியை.